ஏட்டிலும் இசையிலும் பிறந்த பெயர்கள்

குழந்தைக்குப் பெயரிடுதல் இல்லறத்தார் தம் விருப்பப்படி செய்துகொள்ளும் சிறு சடங்கு என்று இக்காலத்தார் கருதலாம். ஜினசேனாசாரியார் அவ்வாறு கருதவில்லை. 9ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய ஆதிபுராணம், கருவுற்ற நாள் தொடங்கி வீடுபேறு வரையில் ஓர் உயிர் கடக்கவேண்டிய 53 கிரியைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஏழாவது நாமகருமம். பிறந்து பன்னிரண்டு நாள் கழிந்தபின், பெற்றோர்க்கும் குழந்தைக்கும் நலந்தரும் ஒரு நாளில் அது நிகழவேண்டும். எந்தப் பெயரை இடுவது என்பதற்கும் அந்நூல் வழி காட்டுகிறது. பகவானுக்குரிய 1008 நாமங்களுள் ஒன்றைக் 'கடபத்திர' முறையால் தேர்ந்துகொள்க என்கிறது. நாமங்களைத் தனித்தனி ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறு பிள்ளை ஒன்றைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பதே அம்முறை என்பர் உரைகாரர். குடவோலை என்றதும் உத்திரமேரூர்ச் சபைத் தேர்தலே நம் நினைவுக்கு வரும். ஊராட்சிக்கு ஆள் தேர்ந்த அம்முறையின் சாயலிலேயே ஒரு குழந்தையின் பெயரையும் தேரலாம் என்று நம் ஆசாரியர் எண்ணியிருக்கிறார்.

இம்முறையின் உட்பொருள் எண்ணத்தக்கது. பெயரைத் தேர்பவர் தந்தையும் அல்லர், பாட்டனாரும் அல்லர், பொருள் வசதியுள்ள மாமனாரும் அல்லர். மாமியார் ஒரு பெயரும் மருமகள் ஒரு பெயரும் சொல்லி மனம் கசப்பதற்கும் அங்கே இடமில்லை. ஆயினும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் எக்காலத்தும் இந்த ஒரு வழியிலேயே நின்றன என்பதற்கில்லை. ஊர்த் தெய்வத்தின் பெயர், பாட்டன் பாட்டி பெயர், காப்பியத் தலைவர் பெயர், செவிக்கினிய பெயர் எனப் பல வழிகள் நெடுங்காலமாகவே உடன் வந்திருக்கின்றன. அவற்றுள் காப்பியத்திலிருந்தும் இசையிலிருந்தும் பெயர் கொள்ளும் வழக்கம் தகுமா, தகாதா என்பதில் முதியோரிடையே இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. பேரக்குழந்தையின் பெயர்சூட்டு நாளில் பந்தியில் அமர்ந்திருக்கும்போதும் அப்பேச்சு எழுவது இயல்பு.

தீர்த்தங்கரர் திருநாமத்தையே இடவேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. ஆதிநாதன், அஜிதன், அபிநந்தனன், சுமதி, சந்திரபிரபன், சாந்திநாதன், மல்லிநாதன், நேமிநாதன், பார்சுவநாதன், வர்த்தமானன் என்று பிள்ளையை அழைக்குந்தோறும் நாவில் பகவான் பெயர் வரும், அறியாமலே புண்ணியம் சேரும் என்பது அவர்கள் கூற்று. மறு சாரார் இதனை ஏற்பதில்லை. திருநாமத்தைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அவன் பாடம் படிக்காத நாளில் அதே பெயரைச் சொல்லிக் கடிந்துகொள்வது முறையா என்று கேட்பர். இக்கேள்வியை வெறும் வாதம் என்று தள்ளிவிட முடியாது. நாயினார் இல்லங்களில் ஏட்டுப் பெயர் ஒன்றும் அழைக்கும் பெயர் ஒன்றுமாக இரண்டு பெயர் வழங்குவதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இவ்விருவர்க்கும் இடையே நின்று தீர்ப்புச் சொல்லும் ஒரு கருவி நம் தத்துவ நூல்களிலேயே இருக்கிறது. அதற்கு நிட்சேபம் என்று பெயர். உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் முதல் அத்தியாயத்திலேயே ஒரு பொருளை நாமம், ஸ்தாபனை, திரவியம், பாவம் என்னும் நான்கு நிலைகளில் வைத்து அறியவேண்டும் என்று கூறும். நாம நிட்சேபமாவது, குணத்தைக் கருதாமல் வழக்குக்காக மட்டும் இடப்படும் பெயர் என்று பூஜ்யபாதர் விளக்குவார். இந்திரன் என்று பெயர் பெற்ற சிறுவனிடம் இந்திரபதவியைத் தேடுவார் இல்லை. வர்த்தமானன் என்று பெயர் பெற்றவன் பள்ளிக்கூடத்தில் பின்தங்கினாலும் அந்தத் திருநாமத்துக்குக் குறை நேர்ந்ததாகாது. அப்படியே, துன்புற்ற தலைவி ஒருத்தியின் பெயரை மகளுக்கு வைத்தால் அத்துன்பம் அவளைத் தொடருமோ என்ற அச்சத்துக்கும் இதிலேயே விடை உண்டு. எட்டு வினைகளுள் ஒன்றாகிய நாமவினை உடலும் உருவும் கதியும் அமைவதற்குக் காரணமானது. பன்னிரண்டாம் நாள் பெற்றோர் வைக்கும் பெயருக்கும் அதற்கும் சொல்லளவில் ஒற்றுமையேயன்றித் தொடர்பு ஏதும் இல்லை. பெயருக்கு எண்கூட்டி எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதச் சொல்வாரிடம் நம்மவரும் சென்று நிற்கும் இந்நாளில், இந்த வேறுபாட்டை நினைவுகொள்வது நன்று.

எழுத்தைப் பற்றிய கணக்கு நம்மவர்க்கு முற்றிலும் அயலானதும் அன்று. களந்தைக் குணவீர பண்டிதர் இரு நூல்கள் செய்தார். எழுத்தும் சொல்லும் கூறும் இலக்கணத்துக்குத் தென்மயிலையில் எழுந்தருளியிருந்த நேமிநாதர் திருப்பெயரால் 'நேமிநாதம்' என்று பெயரிட்டார். செய்யுள் வகைகளைக் கூறும் பாட்டியலைத் தம் ஆசிரியர் வச்சணந்தி முனிவர் பெயரால் 'வச்சணந்திமாலை' ஆக்கினார். நூலுக்குப் பெயரிடும்போது தம் பெயரை விட்டுக் கடவுள் பெயரையும் குருவின் பெயரையும் தேடியவர் அவர். அப்பாட்டியலில் பாட்டுடைத் தலைவனின் பெயருக்கும் பாட்டின் முதற்சொல்லுக்கும் மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்னும் பத்துப் பொருத்தங்கள் பார்க்கவேண்டும் என்கிறார். தானப் பொருத்தத்தில் பாலன், குமரன், அரசன், மூப்பு, மரணம் என்று எழுத்துகளை ஐந்தாக வகுப்பர். இக்கணக்கு பாட்டுக்கு வகுத்தது என்பதை மறத்தல் ஆகாது. தலைவனின் பெயர் ஏற்கெனவே உள்ளது. அதற்கேற்பப் புலவன் தன் முதற்சொல்லைத் திருத்திக்கொள்கிறான். பெயரைத் திருத்தச் சொல்லும் இக்காலக் கணக்கு அதனைத் தலைகீழாக்கியது.

காப்பியத்துக்கு வருவோம். தமிழ்ச் சமணர்க்குப் பெயர் வழங்கிய பேரேடு ஒன்று உண்டென்றால் அது சீவக சிந்தாமணியே. திருத்தக்கதேவர் 13 இலம்பகங்களில் பாடிய இக்காப்பியம் உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த பிறகே தமிழுலகில் பரவலாயிற்று என்பர். அது அச்சைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அதற்கு முன்னரே கும்பகோணத்துச் சைன இல்லங்களில் சிந்தாமணி படித்தலும் பொருள் சொல்லுதலும் நடந்துவந்தன. படித்து முடித்த நாளை விழாவாகக் கொண்டாடுவதும் உண்டு. வாயிலில் தோரணம் கட்டியிருந்ததைக் கண்டு ஐயரவர்கள் வினவியபோது, சிந்தாமணி நிறைவெய்தியதற்காக என்று அறிந்து வியந்ததை அவர் தம் வரலாற்றிலேயே எழுதியிருக்கிறார். புலவர்க்குப் பொருள் விளங்காதிருந்த இடங்கள் அவ்வில்லத்தார்க்குப் பழகிய செய்திகளாக இருந்தன. விசயை, குணமாலை, விமலை, கனகமாலை என்னும் பெயர்கள் அங்கே மாலைதோறும் காதில் விழுந்த பெயர்கள்.

அக்காப்பியத்துக்குள்ளேயே ஒரு பெயர்சூட்டு நிகழ்கிறது. பெற்றோர்க்குள் பெயர் பற்றிக் கருத்து வேறுபடும் இல்லங்களில் அப்பகுதியைப் படித்துக்காட்டலாம். கட்டியங்காரன் அரசைக் கவர, மன்னன் சச்சந்தன் போரில் மாய்கிறான். கருவுற்ற அரசி விசயை மயிற்பொறியில் ஏறி வந்து சுடுகாட்டில் இறங்கி மகனைப் பெறுகிறாள். ஆடல் பாடல் இல்லை, வாழ்த்துவார் இல்லை. அந்நிலையில் தாய் தன் மகனை விளித்த சொல்லே சிந்தாமணி. நூலின் பெயர்க்குக் காரணமாக அதனையே சொல்வர். பின் இறந்த தன் குழந்தையை அடக்கம் செய்யவந்த வணிகன் கந்துக்கடன், கிடந்த மகவை எடுக்கிறான். குழந்தை தும்முகிறது. 'சீவ', அதாவது 'வாழ்க' என்று ஒரு குரல் எழுகிறது. அச்சொல்லே சீவகன் என்னும் பெயராகிறது. பெற்றவள் இட்டது ஒன்று, வளர்த்தவன் இட்டது ஒன்று. முன்னது காப்பியத்துக்கு ஆயிற்று, பின்னது காப்பியத் தலைவனுக்கு ஆயிற்று. மயானத்தில் பிறந்த பிள்ளைக்கு 'வாழ்க' என்னும் சொல்லே பெயரானதைக் காட்டிலும் மங்கலமான நாமகருமம் வேறு எந்தக் கதையில் இருக்கிறது?

இக்கதை வடமொழியில் வாதீபசிம்மர் பாடிய நூல்களிலும் உண்டு. அங்கே தலைவன் ஜீவந்தரன். தமிழில் அவன் சீவகன். சத்தியந்தரன் சச்சந்தனாகவும், காஷ்டாங்காரன் கட்டியங்காரனாகவும், கந்தோற்கடன் கந்துக்கடனாகவும், க்ஷேமஸ்ரீ கேமசரியாகவும், பத்மா பதுமையாகவும், லக்ஷ்மணா இலக்கணையாகவும் தமிழில் நிற்கின்றனர். திருத்தக்கதேவர் பெயர்களைத் தமிழ்ச் செய்யுளின் ஓசைக்குள் கொண்டுவந்தார். அதனால் அவற்றின் தெய்வத்தன்மை குறைந்ததாக எந்த ஆசாரியரும் குறைகூறியதில்லை. ஜ, ஷ, ஸ, ஹ என்னும் எழுத்தின்றி எழுதினால் அது சமணப் பெயராகாது என்று சிலர் இன்று வாதிக்கின்றனர். அவ்வெழுத்து இருந்தாலே அது தமிழ்ப் பெயராகாது என்று வேறு சிலர் 1916ஐ ஒட்டி எழுந்த தனித்தமிழ் இயக்கக் காலம் முதல் வாதிக்கின்றனர். ஸ்ரீபுராணத்தை மணிப்பிரவாள நடையில் எழுதியவரும் நம்மவரே, சிந்தாமணியைத் தமிழோசையில் பாடியவரும் நம்மவரே. ஆகவே ஜீவகன் என்று எழுதுவோரும் சீவகன் என்று எழுதுவோரும் ஒரே வீட்டில் இருக்க இடமுண்டு. எழுத்து மாறியதால் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமும் ஆதார் அட்டையில் மற்றொரு விதமும் பதிந்து அலையும் தொல்லை வேறு. அதற்குத் திருத்தக்கதேவர் பொறுப்பல்லர்.

இசையிலிருந்து பெயர் கொள்வது சமணர்க்கு ஒவ்வாது, அது ஐம்புல இன்பத்தைச் சேர்ந்தது என்று கருதுவோர் உளர். இசையைக் குறித்து நம் நூல்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதே உண்மை. ஆதிபுராணத்தில் விருஷப தேவர் தம் மக்களுக்குக் கலைகளைக் கற்பிக்கும் பகுதி புகழ்பெற்றது. பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பதை நம் சிறுவரும் அறிவர். பரதனுக்குப் பொருள்நூலும் நாட்டிய நூலும் கற்பித்தவர், மற்றொரு மகனாகிய விருஷபசேனனுக்குக் காந்தருவ நூலை, அதாவது இசை நூலைக் கற்பித்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த விருஷபசேனரே பின்னர்ப் பகவானின் முதற்கணதரர் ஆனார். சமவசரணத்தில் எழுந்த திவ்யத்வனியை முதலில் செவியேற்று உலகுக்கு உணர்த்தியவர், இளமையில் இசை பயின்ற செவியுடையவர். திவ்யா என்றும் த்வனி என்றும் இக்காலத்தில் பெண்மக்களுக்கு இடப்படும் பெயர்கள் புதுமோகம் என்று முதியோர் முகம் சுளிப்பதுண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் அவர்களே முகம் மலர்வர்.

பிராமியின் பெயரில் மற்றொரு நுட்பமும் உண்டு. எழுத்திலிருந்து மகளுக்குப் பெயர் வரவில்லை. மகளின் பெயரே எழுத்துக்கு வந்தது என்பது நம் மரபு.

சிந்தாமணியில் இசைக்கென்றே பிறந்த பெயர் காந்தருவதத்தை. வித்தியாதரர் வேந்தன் கலுழவேகனின் மகளாகிய அவளை வணிகன் சீதத்தன் இராசமாபுரத்துக்கு அழைத்துவருகிறான். யாழில் அவளை வென்றவனே மணக்கலாம் என்று முரசறையப்படுகிறது. வந்த அரசர் அனைவரும் தோற்றபின் சீவகன் யாழ் மண்டபம் புகுகிறான். அவன் எடுத்தவுடன் வாசிக்கவில்லை. கொடுத்த யாழ் ஒவ்வொன்றையும் வாங்கி மரத்தின் குற்றம் சொல்கிறான். ஒன்று நீரில் கிடந்து அழுகிய மரம், ஒன்று இடிபட்ட மரம், ஒன்று வெட்டுண்ட மரம், ஒன்று தீயில் வெந்த மரம். நரம்பைப் பிரித்து உள்ளே கலந்த மயிரையும் எடுத்துக் காட்டுகிறான். குற்றமற்ற யாழ் கைக்கு வந்த பிறகே பாடுகிறான். ஒரு துறவி பாடிய காப்பியத்தில் யாழ்மரத்தின் குற்றங்கள் இவ்வளவு விரிவாக இடம்பெற்றிருப்பதை நோக்க, இசையைத் திருத்தக்கதேவர் அற்பமாக எண்ணினார் என்று சொல்ல இயலாது. அதே காப்பியத்தில், ஆடவரை நோக்கேன் என்று நோன்பிருந்த சுரமஞ்சரியை முதியவன் வேடத்தில் சென்று பாடியே சீவகன் வசப்படுத்துகிறான். சுரமஞ்சரி என்னும் பெயரைக் கேட்போர் ஏழு சுரங்களை எண்ணுவர். வடமொழி வழியில் நோக்கினால் அது தேவருலகப் பூங்கொத்து. பொருள் எதுவாயினும், இசைக்கு வசமானவள் ஒருத்திக்கு அப்பெயர் வாய்த்தது நல்ல பொருத்தம்.

கொங்குவேளிரின் பெருங்கதை உதயணனும் யாழ்வல்லவனே. அவன் கோடபதி என்னும் யாழால் நளகிரி என்னும் மதயானையை அடக்கினான், வாசவதத்தைக்கு யாழ் கற்பித்தான். அவன் பெயர் மட்டும் இசையிலிருந்து வந்ததன்று. கதிரவன் உதிக்கும் வேளையில் மலைமேல் பிறந்ததால் உதயணன் ஆனான். இன்று உதயன், உதயகுமார் என்று பெயர் பெற்றோர் பலர் இருக்க, அதன் பின்னுள்ள காப்பியத்தைப் பெயருடையவரே அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

இனி, இசையின் மறுபக்கம். யசோதர காவியத்தில் அரசன் யசோதரனின் தேவி அமிர்தமதி. நள்ளிரவில் யானைப்பாகன் ஒருவன் பாடிய பாட்டைக் கேட்டு அவன்பால் மனம் வைக்கிறாள். அவன் உருவம் அழகற்றது, குரல் மட்டும் இனியது. அங்கிருந்து தொடங்கும் துன்பம், மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட பாவத்தோடு சேர்ந்து, யசோதரனையும் அவன் தாய் சந்திரமதியையும் பல பிறவிகளில் விலங்காக அலையச் செய்கிறது. அமிர்தமதி என்னும் பெயர் பொருளால் எத்துணை இனியது! ஆயினும் கதை அறிந்த வீட்டில் அதனை மகளுக்கு வைக்கத் தயங்குவர். நிட்சேபத்தின் வழி நோக்கினால் அத்தயக்கம் தேவையற்றதே. ஆனால் பெயர் என்பது தர்க்கத்தால் மட்டும் தேரப்படுவது அன்று. தாய் அப்பெயரைச் சொல்லி அழைக்கும்போது எந்தக் கதை நெஞ்சில் எழுகிறது என்பதும் ஒரு நியாயமான கேள்வி. அதே காவியத்தில் அபயருசி, அபயமதி என்று உடன்பிறந்தார் இருவர் வருகின்றனர். சண்டமாரிக்குப் பலியிடப் பிடித்துக் கொண்டுவரப்பட்டும் அஞ்சாமல் நின்று, தம் பழம்பிறப்புக் கதையைச் சொல்லி அரசனைக் கொலைத்தொழிலிலிருந்து மீட்டவர் அவர்கள். அபயம் என்பது அச்சமின்மை, அடைக்கலம் என்ற இரண்டுக்கும் உரிய சொல். இவ்விரு பெயர்களும் நம் குழந்தைகளிடையே இன்னும் மிகுதியாக வழங்கவேண்டியவை.

நீலகேசியின் நிலை வேறு. முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த பேயொருத்தி, அவரிடமே அறங்கேட்டு மாணவியாகி, பின் பல சமயத்து ஆசிரியரோடு வாதிட்டு வென்ற கதை அது. வாதத்தில் ஒரு பெண் தலைமை தாங்கும் இத்தகைய தருக்க நூல் தமிழில் அரிது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அதனை அச்சேற்றினார். ஆயினும் நீலி என்றாலே வஞ்சகி என்றும், நீலிக்கண்ணீர் என்றால் பொய்யழுகை என்றும் நாட்டுவழக்கு ஆகிவிட்டது. அறிவின் உருவாக நின்ற ஒரு பெயரை ஊர்ப்பேச்சு கறைப்படுத்தியது. மகளைப் பள்ளியில் பிறர் கேலி செய்வரோ என்று அஞ்சும் தாயைக் குற்றம் சொல்ல முடியாது. நீலா, கேசினி என்று பாதியாகவேனும் அப்பெயரை மீட்கலாம் என்பார் கருத்து கவனிக்கத்தக்கது.

பெயர்கள் ஏட்டில் மட்டும் இருந்திருந்தால் எழுத்தறிந்தவர்க்கே உரியவையாகியிருக்கும். அவற்றைக் கண்முன் காட்ட ஓர் இடம் இருந்தது. ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தில், புஷ்பசேன முனிவரின் மாணாக்கரும் விசயநகர அமைச்சருமாகிய இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மண்டபம் எழுப்பினார். அதன் பெயர் சங்கீத மண்டபம். இருகப்பர் நானார்த்த ரத்னமாலை என்னும் சொல்லகராதி செய்தவர். சொல்லுக்குப் பொருள் தேடியவர் கட்டிய மண்டபம் இசையின் பெயரைத் தாங்கியது. அதன் விதானத்தில் விருஷபர், நேமிநாதர், வர்த்தமானர் முதலியோர் வரலாறுகள் ஓவியங்களாகத் தீட்டப்பெற்றன. ஓவியத்தின் கீழ் இன்னார், இன்ன நிகழ்ச்சி என்று தமிழில் குறிப்பும் எழுதப்பெற்றது. பெற்றோர் தோள்மேல் அமர்ந்து அண்ணாந்து நோக்கிய சிறுவனுக்கு மருதேவி இவர், நீலாஞ்சனை இவள் என்று விரல்நீட்டிச் சொல்ல அங்கே வாய்ப்பிருந்தது. நீலாஞ்சனை ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆயுள் முடிந்து மறைந்தவள். அதைக் கண்டே விருஷப தேவர்க்குத் துறவு எண்ணம் தோன்றியது. அழகும் நிலையாமையும் ஒருங்கே நிற்கும் பெயர் அது.

வர்த்தமான தீர்த்தங்கரர்க்கே ஐந்து பெயர்கள் என்பது திகம்பர மரபு. பிறந்தபோது செல்வம் பெருகியதால் வர்த்தமானர். சஞ்சயர், விஜயர் என்னும் சாரண முனிவர் இருவர்க்குக் குழந்தையைக் கண்ட மாத்திரத்தில் ஐயம் தெளிந்ததால் சன்மதி. பாம்புருவில் வந்த தேவனுக்கு அஞ்சாமையால் மகாவீரர். வீரர், அதிவீரர் என்பன மற்றவை. பவணந்தி முனிவர் நன்னூலில் பெயரை இடுகுறி, காரணம் என வகுத்தார். பிறந்தவுடன் இடும் பெயர் பெரும்பாலும் இடுகுறியாகவே இருக்கும். காரணப்பெயர் வாழ்ந்த பின்னரே கிடைக்கும். ஜீவபந்து என்று டி.எஸ். ஸ்ரீபால் அவர்களை உலகம் அழைத்தது உயிர்ப்பலி நிறுத்த அவர் உழைத்த உழைப்பினால். அப்பெயர் தொட்டிலில் வைக்கப்பட்டதன்று.

அரசின் பிறப்புப் பதிவு முறை இதில் பெற்றோர்க்கு ஓரளவு அவகாசம் தருகிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். பெயரைப் பின்னர்ச் சேர்க்கவும் விதி இடமளிக்கிறது. ஓராண்டு வரை கட்டணமின்றியும், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரையும் சேர்க்கலாம். ஆதிபுராணம் சொன்னபடி பன்னிரண்டு நாள் கழிந்தபின் நாமகருமத்தை வீட்டில் செய்துகொண்டு, நிதானமாகக் காப்பியத்தைப் புரட்டிப் பார்த்துப் பதிவுப் பெயரை முடிவுசெய்ய இவ்விதி தடையாக இல்லை. மருத்துவமனையிலேயே அவசரமாக இரண்டெழுத்துப் பெயர் ஒன்றை எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர்க்கு இது தெரிந்திருந்தால் உதவும். ஊர்ப்பெயர்களையும் மறக்கவேண்டாம். திருநறுங்கொண்டை இறைவன் பெயரால் அப்பாண்டைராஜன், திருப்பறம்பூர் மரபில் நினைவுகூரப்படும் ஆசாரியர் பெயரால் அகளங்கன் என்று வைக்கும் வழக்கம், பிள்ளை சென்னையிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்தாலும் இன்ன ஊரான் என்று சொல்லிக்கொண்டிருக்கும். முற்காலத்துக் குரத்தியர் சிலரைத் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று ஊர்ப்பெயராலேயே கழுகுமலைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அவர்களுடைய இயற்பெயர் கல்லில் இல்லை, ஊர்ப்பெயரே நிலைத்தது.

நந்தி, சேனர், கீர்த்தி, வீரர் என முடியும் துறவுப் பெயர்கள் இன்ன சங்கத்தவர் என்பதைக் காட்டுவன. அவற்றுள் தமிழகத்துப் பாறைகளில் அடிக்கடி காணப்படும் பெயர் அச்சணந்தி. ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை, உத்தமபாளையம், வள்ளிமலை, சிதறால் எனப் பல குன்றுகளில் அவர் செய்வித்த திருமேனிகள் இருக்கின்றன. சீவகனுக்குக் கல்வி புகட்டிய காப்பிய ஆசிரியன் பெயரும் அச்சணந்தியே. மலைகளில் திருமேனி செய்வித்த முனிவரும் காப்பியத்து ஆசிரியரும் வேறு வேறானவர். ஆயினும் நாட்டார்க்கு நன்கு தெரிந்த பெயர் ஒன்று ஏட்டிலும் ஒலித்ததைக் கேட்டவர் மகிழ்ந்திருப்பர். சித்தன்னவாசல் அறிவர்கோயிலைப் பாண்டியன் சீமாறன் சீவல்லவன் காலத்தில் புதுக்கிய மதுரை ஆசிரியர் இளங்கௌதமன். வர்த்தமானரின் முதற்கணதரர் கௌதமர் பெயருக்கு முன் 'இளம்' என்னும் தமிழ்ச்சொல் சேர்ந்திருக்கிறது. மதிப்பும் அன்பும் தமிழும் சேர்ந்த பெயர் அது. இன்றும் ஓர் ஆண்குழந்தைக்குச் சிறிதும் மாற்றாமல் வைக்கலாம்.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணமலையில் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில் திருமேனிகள் வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்றன்கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அதனைச் செய்வித்தவர் அச்சணந்தியின் தாயார் குணமதியார் என்று கூறுகிறது. துறவி பூர்வாசிரமத்தை விட்டவர், அவருக்குத் தாய் இன்னார் என்று சொல்லவேண்டிய தேவை இல்லை. ஆயினும் அந்த அம்மையார் தம் பெயரை மகன் பெயரோடு சேர்த்தே கல்லில் வெட்டுவித்தார். குணமதி என்ற பெயர் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது.